முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் நர்சிங்கில் ஏன் திணறுகிறோம்?

தாமரை இலை எழுதியது:

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்து பழகியவள். முதலாமாண்டு அனாட்டமியும் பிசியாலஜியும் மனப்பாடத்திலேயே கரையேறிவிட்டன. மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் (நோய்களுக்கும் அறுவை சிகிச்சைக்குமான பராமரிப்புப் பாடம்) வந்ததும் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொடுவதற்கே மூச்சு வாங்குகிறது.

படிக்காமல் இல்லை. இதயச் செயலிழப்பு என்றால் காரணம், அறிகுறி, சிகிச்சை, செவிலியர் பராமரிப்பு என்று தலைப்பு வாரியாக ஒப்பிப்பேன். கேள்வித்தாள் அதைக் கேட்பதே இல்லை. நான்கு நோயாளிகளைக் காட்டி, ‘முதலில் யாரிடம் போவீர்கள்?’ என்கிறது. நான்கு விடைகளும் சரியாகவே தெரிகின்றன. கடைசியில் குருட்டாம்போக்கில் ஒன்றைக் குறித்துவிட்டு வருகிறேன்.

நடுவில் வார்டு டியூட்டி, கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்), செமினார், ரெக்கார்டு நோட்டு. வார்டில் சிஸ்டர் யாராவது ‘இந்த மருந்து இவருக்கு எதற்கு?’ என்று கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

‘இன்னும் கடினமாக உழை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு நாளில் இடமில்லை. இந்தப் படிப்பைத் தாண்டியவர்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்று தெரிய வேண்டும்.


நடுநிசி டியூட்டி எழுதியது:

நான்கு விடைகளும் சரியாகத் தெரிகின்றன என்கிறீர்கள். அவை சரியானவைதான்! எதற்குப் பிறகு எது என்பதே கேள்வி. பள்ளித் தேர்வு எழுதிப் பழகிய கண் தவறான விடையைத் தேடுகிறது. இங்கே அது கிடைக்காது.

ஓர் உதாரணம். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலியில் கத்திக்கொண்டிருக்கும் ஒருவர். வீட்டுக்குப் போகும் முன் இன்சுலின் போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கும் ஒருவர். நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்க, காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ் காட்டும் ஒருவர். ஒரு மணி நேரம் முன்புவரை இழுத்துக்கொண்டிருந்து, இப்போது இழுப்புச் சத்தம் அடங்கி அரைத்தூக்கத்தில் இருக்கும் ஆஸ்துமா நோயாளி ஒருவர். யாரிடம் போவீர்கள்?

புதிதாக வரும் மாணவர்களில் பலர் வலிக்காரரிடம் போவார்கள், ஏனென்றால் அவர்தான் கத்துகிறார். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு நின்றுவிட்டதால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் காற்று போய்வந்தால்தான் இழுப்புச் சத்தமே கேட்கும். சத்தம் அடங்கி, கூடவே தூக்கமும் கண்ணைச் சுழற்றுகிறது என்றால் காற்றோட்டம் அற்றுப்போகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்று பொருள். கத்துகிறவர் மூச்சு விடுகிறார் என்பதாவது நிச்சயம். அமைதியாகிவிட்டவரிடம்தான் ஓட வேண்டும்.

இந்தக் கேள்விக்கான எல்லாத் தகவலும் உங்கள் பாடநூலில் உண்டு. ‘ஆஸ்துமாவின் அறிகுறி: இழுப்பு’ என்று ஒரு வரியாக மட்டும் அதைப் படித்திருந்தால் விடை கைக்கு வராது.


மூன்றாம் வரிசை எழுதியது:

இறுதியாண்டு மாணவன். வகுப்பில் பையன்கள் மிகக் குறைவு என்பதால் ஒளிந்துகொள்ள மூன்றாம் வரிசைதான் கிடைத்தது. பெயர்க் காரணம் அவ்வளவே.

நான் கைவிட்டது: நோட்ஸைத் திரும்ப எழுதுவது. நான்கு நிறப் பேனா, தலைப்புக்குக் கட்டம், அடிக்கோடு. பார்க்க அழகாக இருக்கும், படித்த திருப்தியும் வரும். ஆனால் மண்டையில் எதுவும் ஏறியிருக்காது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே இப்போது ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும் வெற்றுத்தாளை எடுத்து, நினைவில் இருப்பதை எல்லாம் கொட்டுகிறேன். எங்கே எழுத்து நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்க்கிறேன். முதலில் எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே தெரியாதவன் போலத் தோன்றும். அந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டால் போதும்.

அடுத்தது, ‘ஏன்’ என்று இரண்டு படி கீழே இறங்குவது. இதயச் செயலிழப்பையே எடுத்துக்கொள்வோம். நோயாளிக்குச் சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடும், இதயத்துக்கு வலுவூட்டும் டிகாக்ஸினும் போகின்றன. காலை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. இயல்பளவு 3.5 முதல் 5 வரை. நாடித்துடிப்பு 54. சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

தனித்தனியாக மனப்பாடம் செய்தவருக்கு இவை ஐந்து தகவல்கள். காரணம் தெரிந்தவருக்கு இது ஒரே கதை. ஃப்யூரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. டிகாக்ஸினும் பொட்டாசியமும் இதயச் செல்லில் ஒரே பம்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸினுக்குப் போட்டியே இல்லை. வழக்கமான அளவே நஞ்சாகிவிடுகிறது. குமட்டல், மஞ்சள் வளையம், மெதுவான துடிப்பு மூன்றும் அதன் அடையாளங்கள். எனவே டிகாக்ஸினைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணி, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃப்யூரோசமைடையும் பொட்டாசியம் அளவைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

இந்த ஒரு சங்கிலியை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் அதைச் சுற்றிய பல கேள்விகள் தாமாகவே விழுந்துவிடும்.


தாமரை இலை எழுதியது:

நன்றி அண்ணா. பம்ப் விஷயம் முதலாமாண்டு பிசியாலஜியில் படித்ததுதான்! அது இங்கே வந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா, முதலில் யார் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஏ, பி, சி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம். அதை அப்படியே பொருத்தினால் போதுமா? சில கேள்விகளில் அதுவும் காலை வாரிவிடுகிறது.


நடுநிசி டியூட்டி எழுதியது:

பெரும்பாலும் போதும். கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. நாடியே இல்லாத ஒருவர் கிடக்கும்போது மூச்சுப்பாதையைச் சரிசெய்துகொண்டிருக்கக் கூடாது. மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் உயிர்மீட்பு முறையின் வரிசையையே சி, ஏ, பி என்று மாற்றிவிட்டது. பீறிட்டு ரத்தம் போகும் காயத்திலும் முதலில் ரத்தத்தை அடக்குவதுதான் வேலை.

இன்னொரு பொறி. ‘முதலில் மதிப்பிடு, பிறகு செயல்படு’ என்று நர்சிங் செயல்முறையில் படித்திருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் ‘ரத்த அழுத்தத்தைப் பரிசோதிப்பேன்’ என்று குறிப்பவர்கள் உண்டு. கேள்வியிலேயே மதிப்பீட்டை முடித்துக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘கட்டு ரத்தத்தில் நனைந்திருக்கிறது, அழுத்தம் 84/50, நாடி 128’ என்று கேள்வியே சொல்லிவிட்டது என்றால் மறுபடி அழுத்தம் பார்ப்பது நேரக்கொலை. காயத்தை அழுத்திப் பிடித்து, உதவிக்குக் குரல் கொடுங்கள். ‘நோயாளிக்குத் தலைசுற்றுகிறது’ என்று மட்டும் இருந்தால் அங்கே மதிப்பிடுவதுதான் விடை.


பழைய சாக்பீஸ் எழுதியது:

நர்சிங் கற்பித்து ஓய்வு பெற்றவள். இழையை ரசித்து வாசித்தேன்.

தாமரை இலை, உங்கள் திணறலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாட்ரிசியா பென்னர் என்ற நர்சிங் அறிஞர் 1984இல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்: புதியவர், முன்னேறிய தொடக்கநிலையர், தகுதியாளர், திறமையாளர், வல்லுநர். சதுரங்க ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் கவனித்து டிரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த மாதிரியிலிருந்து அவர் அதை எடுத்தார். முதல் நிலையில் இருப்பவருக்கு விதிகள் மட்டுமே கையில் இருக்கும்; எந்த விதி இந்த இடத்துக்குப் பொருந்தும் என்ற கண் இன்னும் திறந்திருக்காது. உங்கள் சிஸ்டர் வாசலில் நின்றபடியே ‘அந்த நான்காம் படுக்கையைப் போய்ப் பார்’ என்கிறாரே, அது அவருக்கு ஒரே நாளில் வந்ததில்லை. அவரோடு உங்களை ஒப்பிட்டுக் கலங்குவதில் அர்த்தமில்லை.

அந்தக் கண்ணைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. ‘நான்காம் படுக்கையை ஏன் பார்க்கச் சொன்னீர்கள்?’ என்று பிறகு கேட்டுவிடுங்கள். பரபரப்பு அடங்கிய நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பெரும்பாலோர் சொல்லுவார்கள். ‘உட்கார்ந்த விதம் மாறியிருந்தது, இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டிருந்தார்’ என்பார்கள். புத்தகத்தில் மூச்சுத்திணறலின் கீழ் ஒற்றை வரியில் கிடக்கும் அந்தத் தகவல், அன்றைக்குப் பிறகு உங்களுக்கு மறக்காது.

வார்டில் நாக்கு ஒட்டிக்கொள்வதற்கும் சொல்கிறேன். ஒரு மருந்தைக் கையில் எடுக்கும் முன் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: இவருக்கு இது எதற்கு, கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும். பக்கவிளைவுப் பட்டியல் முழுவதையும் யாரும் கேட்கப் போவதில்லை. தெரியவில்லை என்றால், ‘தெரியவில்லை சிஸ்டர், பார்த்துவிட்டு வந்து கொடுக்கிறேன்’ என்று சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லவும் வேண்டும். இதைச் சொன்னதற்காக நான் எந்த மாணவிக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்தவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன்.


எதிர்க்கேள்வி எழுதியது:

எல்லோரும் நல்ல பிள்ளைகளாகவே பேசுகிறீர்கள். நான் படித்து முடித்து வேலைக்கு வந்துவிட்டவள். இரண்டு கேள்விகள்.

கேர் பிளான் என்ற பெயரில் பக்கம் பக்கமாக எழுதவைக்கிறார்களே, வேலைக்கு வந்த பிறகு அப்படி யார் எழுதுகிறார்கள்? கையொடிய எழுதிய நேரத்தில் தூங்கியிருக்கலாம்.

அடுத்தது, ‘சொல்லுவார்கள், கேளுங்கள்’ என்கிறார் மேடம். எல்லா வார்டிலும் சொல்லிக்கொடுப்பவர்கள் இல்லை. நோயாளியின் முன்னாலேயே மாணவியை மட்டம் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். படிப்பு கடினமானது என்று சொல்லிச் சொல்லி அதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கடினமான கேள்வி கேட்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு.


பழைய சாக்பீஸ் எழுதியது:

இரண்டாவதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அப்படி நடந்தால் அன்றே நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் என எழுதிவைத்துக்கொண்டு, பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ‘எல்லோரும் இப்படித்தான் கற்றோம்’ என்று சமாதானம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். திட்டு வாங்கப் பயந்து சந்தேகத்தைக் கேட்காமல் விடும் மாணவியால் அடிபடுவது நோயாளி.

முதலாவதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீளம் அதிகம் என்பது உண்மை. நானே குறைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சி மருத்துவரின் கண்ணிலிருந்து செவிலியரின் கண்ணைப் பிரித்துக் காட்டுகிறது. ‘நிமோனியா’ என்பது மருத்துவரின் நோயறிதல். ‘கெட்டியான சளியாலும் பலவீனமான இருமலாலும் மூச்சுப்பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலாமை’ என்பது நம்முடையது. முதலாவதை வைத்துக்கொண்டு நாம் செய்ய அதிகம் இல்லை. இரண்டாவதை எழுதிய உடனே வேலை தெரிந்துவிடுகிறது: நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும், தடையில்லை என்றால் நீர் அதிகம் குடிக்கவைக்க வேண்டும், இருமக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மாணவர்கள் கோட்டைவிடும் இடம் இலக்கு. ‘நோயாளி நலம் பெறுவார்’ என்று எழுதினால் அதை யார் அளப்பது? ‘24 மணி நேரத்துக்குள் சளியைத் தாமே இருமி வெளியேற்றுவார், ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டுக்குக் குறையாது’ என்று எழுதினால் மறுநாள் போய்ப் பார்த்து, நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.


எதிர்க்கேள்வி எழுதியது:

சிந்தனை சரி மேடம். அதை ஒரு பக்கத்திலும் சிந்திக்கலாம். என் வாதம் அப்படியே இருக்கிறது.


இரு கை போதாது எழுதியது:

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நர்சிங்கில் சேர்ந்தவள். என்னோடு படிப்பவர்களுக்கு நான் அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று.

எதைக் கைவிட்டீர்கள் என்ற கேள்விக்கு என் பதில்: எல்லாப் பாடத்திலும் முதலிடம் என்ற ஆசை. பருவத் தொடக்கத்திலேயே எல்லாப் பாடத்தின் தேர்வு, செமினார், ரெக்கார்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். எந்த வாரத்தில் மூன்று விஷயம் மோதுகின்றன என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மோதும் வாரத்தில் ரெக்கார்டு நோட்டுப் படங்கள் சுமாராகத்தான் இருக்கும். இருக்கட்டும். மருந்துக் கணக்கிலும் மெடிக்கல் சர்ஜிக்கலிலும் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் அவற்றின் மேல்தான் அடுத்த ஆண்டு நிற்கிறது.

எனக்கு உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும் நேரம் சொற்பம். அதனால் கேள்விகளை என் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹெபாரினுக்கு முறிமருந்து?’ பிறகு சில நொடி மௌனம். பிறகு ‘புரோட்டமின் சல்ஃபேட்’. ‘வார்ஃபரினுக்கு?’ மௌனம். ‘வைட்டமின் கே.’ பாத்திரம் தேய்க்கும்போது அது ஓடும். மௌனத்துக்குள் நான் பதிலைச் சொல்லிவிட வேண்டும். என் மூத்தவள் இப்போது எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறாள் என்பது வேறு கதை.

மருந்துப் பெயர்களை வால் பிடித்து அடுக்கிக்கொள்வதும் உதவும். பெயர் ‘லால்’ என்று முடிந்தால் பீட்டா தடுப்பான்: துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உண்டா என்று பார். ‘பிரில்’ என்று முடிந்தால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து: வறட்டு இருமல் வருகிறதா, பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார். ‘சார்டன்’ என்றால் கிட்டத்தட்ட அதே வேலை, இருமல் குறைவு. ‘ஸ்டாட்டின்’ என்றால் கொழுப்பைக் குறைக்கும் மருந்து: தசைவலி உண்டா என்று கேள்.


புதுச் சீருடை எழுதியது:

முதலாமாண்டு. குழுவாகப் படிக்கலாமா, தனியாகவா? எங்கள் குழு அரட்டையில்தான் முடிகிறது.


மூன்றாம் வரிசை எழுதியது:

மூன்று நான்கு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆளுக்கொரு தலைப்பை வீட்டிலேயே படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். கேட்பவர்கள் ‘ஏன்’ என்று குடைய வேண்டும். படிக்காமல் வருகிறவரை ஒருமுறை மன்னிக்கலாம். புத்தகத்தைத் திறந்து எல்லோரும் சேர்ந்து வாசிப்பதற்காகக் கூடினால் அரட்டைதான் மிஞ்சும்.


தாமரை இலை எழுதியது:

மருந்துக் கணக்கு பற்றியும் யாராவது சொல்லுங்கள். சூத்திரம் தெரியும். தேர்வுப் பதற்றத்தில் பெருக்க வேண்டியதை வகுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.


நடுநிசி டியூட்டி எழுதியது:

சூத்திரத்தைக் குறைவாக நம்புங்கள், அலகை அதிகம் நம்புங்கள். 1000 மில்லி லிட்டர் சலைன், 8 மணி நேரத்தில் ஓட வேண்டும், டிரிப் செட் மில்லி லிட்டருக்கு 20 சொட்டு. மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். வகுத்தால் 41.67, நிமிடத்துக்கு 42 சொட்டு.

கொஞ்சம் பெரியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு டோபமின் (ரத்த அழுத்தத்தைத் தூக்கிநிறுத்தும் மருந்து), கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். 250 மில்லி லிட்டரில் 400 மில்லிகிராம் கலந்திருக்கிறது. நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம் தேவை, மணிக்கு 18,000, அதாவது 18 மில்லிகிராம். ஒரு மில்லி லிட்டரில் 1.6 மில்லிகிராம் இருக்கிறது. 18ஐ 1.6ஆல் வகுத்தால் மணிக்கு 11.25 மில்லி லிட்டர்.

விடை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது நடக்கக்கூடியதா என்று கேளுங்கள். 11.25 என்றால் அந்தப் பை ஏறத்தாழ 22 மணி நேரம் வரும். தசமப்புள்ளி தள்ளிப்போய் 112.5 என்று வந்திருந்தால் இரண்டேகால் மணி நேரத்திலேயே காலியாகிவிடும். இவ்வளவு வீரியமான மருந்து அப்படிக் காலியாகுமா? அந்தக் கேள்வியே உங்களைக் காப்பாற்றும்.

தசமப்புள்ளியை எழுதும் முறையும் முக்கியம். அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று முன்னால் சுழியம் போட வேண்டும். வெறும் புள்ளி வைத்து எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். ஐந்து மில்லிகிராம் என்றால் 5 மட்டும், 5.0 என்று எழுதினால் யாரோ 50 என்று படிப்பார்கள்.


புதுச் சீருடை எழுதியது:

எங்களுக்கு அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. நாடி, சுவாசம், ரத்த அழுத்தம், பிறகு கிருமியற்ற முறையில் காயத்துக்குக் கட்டுப்போடுதல். பக்கத்தில் ஆசிரியர் நின்று ஒவ்வொரு படியாகக் குறிப்பார். கை நடுங்கும் என்று இப்போதே தெரிகிறது.


பழைய சாக்பீஸ் எழுதியது:

குறிப்பேட்டோடு நின்றவள் சொல்கிறேன், கை நடுங்குவதற்கு அங்கே கட்டமே இல்லை.

சுவாசத்தை எண்ணும்போது ‘உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்’ என்று அறிவித்துவிடாதீர்கள். சொன்ன மறுகணம் அவர் மூச்சு விடும் முறை மாறிவிடும். நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல், பார்வையை மட்டும் மார்புக்கு நகர்த்தி எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அவசரத்தில் எல்லோருக்கும் 18 என்று எழுதிவிட்டு வரும் பழக்கம் வார்டுகளில் உண்டு, அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். உடல்நிலை சரியத் தொடங்கும்போது முதலில் மாறும் எண்களில் அது ஒன்று.

கட்டுப்போடுவதில் மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் கையுறை போட்ட பிறகுதான். கிருமியற்ற துணியின் ஓரத்தில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் விளிம்பு சுத்தமற்றது என்றே கணக்கு. இடுப்புக்குக் கீழே போன கையும், பார்வையிலிருந்து மறைந்த பொருளும் அப்படியே. மூக்கு அரித்தால் அரிக்கட்டும். கை தவறிப் பட்டுவிட்டது என்றால், ‘என் கையுறை அசுத்தமாகிவிட்டது, மாற்றுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். நான் பார்த்தவரை ஆசிரியர்கள் அதற்குத் தலையசைப்பார்கள். தெரிந்தும் தொடர்ந்தால் அங்கேயே தேர்வு முடிந்தது.

வீட்டில் பயிலும்போது ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.


எதிர்க்கேள்வி எழுதியது:

ஊசிமுனை குத்தல் பற்றி யாரும் பேசவில்லை. மாணவர்கள் இதை மறைக்கிறார்கள். திட்டுவார்களோ, டியூட்டியிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். புதுச் சீருடை, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். நேராக ஊசிக் கழிவுப் பெட்டியில் போடுங்கள். அப்படியும் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ‘ஷிஃப்ட் முடியட்டும்’ என்று காத்திருப்பதற்கு எந்தத் திட்டும் காரணமாகாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று வார்டுக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.


இரு கை போதாது எழுதியது:

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட் டியூட்டி முடிந்து வந்து ‘ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் படுக்கிறேன்’ என்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே பத்தியைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பீர்கள். படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான் என்று பிசியாலஜி வகுப்பில் சொன்னவர்களே நமக்கு அப்படி ஒரு கால அட்டவணையும் போடுகிறார்கள்! அறையை இருட்டாக்கிவிட்டுப் படுங்கள். தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள்.

முதல்முறை நம் கண்ணெதிரில் ஒரு நோயாளி இறந்துபோவதற்கு எந்தப் பாடவேளையும் தயார்படுத்தாது. அழுகை வந்தால் அழலாம். அன்றைய தினமே யாரோடாவது, முடிந்தால் அங்கே உடன் இருந்தவரோடு, பேசிவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு நாம் அதைத்தானே சொல்கிறோம்.


பழைய சாக்பீஸ் எழுதியது:

இழை நீண்டுவிட்டது. போவதற்கு முன் ஒரு கேள்வி, தாமரை இலைக்கும் புதுச் சீருடைக்கும். ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பின் பின்பக்கம் வலி. முதலில் என்ன செய்வீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள்.


புதுச் சீருடை எழுதியது:

வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பேன் மேடம். மதிப்பீடுதானே முதலில்?


தாமரை இலை எழுதியது:

ரத்தத்தை நிறுத்துவேன். நடுக்கமும் இடுப்புவலியும் என்றால் பொருந்தாத ரத்தத்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். மதிப்பீட்டைக் கேள்வியே கொடுத்துவிட்டது. நான் வெப்பமானியை வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் ரத்தம் உள்ளே போகும். பிறகு ஊசிக்குழாய் அடைபடாமல் சலைன் ஓடவிட்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வெப்பநிலையும் மற்றவையும் பார்ப்பேன்.


பழைய சாக்பீஸ் எழுதியது:

சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சலைனைப் புதிய குழாயில் ஓடவிட வேண்டும். பழைய குழாயிலேயே மாற்றிவிட்டால், அதற்குள் நிற்கும் ரத்தத்தை நீங்களே தள்ளி உள்ளே அனுப்பியதாகிவிடும். நோயாளியின் கைப்பட்டையையும் பையின் லேபிளையும் இன்னொருவரோடு சேர்ந்து மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். மீதி ரத்தம் உள்ள பையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். குழாயோடு சேர்த்து அது ரத்த வங்கிக்குப் போக வேண்டும்.